இரண்டு வருடம் கழித்து, சகாயத்துக்கு

பொறையாறு,
மே 4

அன்புள்ள சகாயம்,

இங்கே எல்லோரும் சுகம். கிரேசுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவள் நர்சிங் இரண்டாம் வருடம் போகிறாள். உளுந்து அடித்து மூட்டை கட்டியாயிற்று, விலையும் பரவாயில்லை. ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவை போட்டுவிடலாம் என்று விதைநெல் வாங்கி வைத்திருக்கிறேன். நம் பள்ளிக்கூடத்துத் தவளை வாத்தியார் போன மாதம் காலமாகிவிட்டார், உனக்குத் தெரிந்திருக்கும். கடைசி வரைக்கும் உன் பழைய இட்லிக் கணக்கு வேடிக்கையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாராம். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். இனி எழுத உட்கார்ந்ததை எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக நான் உனக்கு எழுதவில்லை, போன் செய்யவில்லை. நீயும் செய்யவில்லை. நீ செய்யாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். உன் மகன் பிரபுவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் நீ தனியாக நின்றுகொண்டிருந்தாய். நான் வந்து உன் தோளில் கை வைத்து, "எல்லாம் தேவ சித்தம் சகாயம், கொடுத்தவர் எடுத்துக்கொண்டார்" என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை. என் கையைத் தட்டிவிடவும் இல்லை. மேலே ஒட்டியிருக்கிற முள்ளை எடுப்பதுபோல என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கையைக் கீழே விட்டாய். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே எனக்கு உறைத்துவிட்டது. ஆனால் உறைத்ததை உன்னிடம் வந்து சொல்லத் தைரியம் வரவில்லை. ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு மூன்று மாதம். பிறகு கிறிஸ்துமசுக்கு எழுதலாம் என்று நினைத்தேன். பிரபு இல்லாத வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து எப்படி எழுதுவது? தள்ளிப்போடப் போட அது பெரிய சுவராக எழும்பிவிட்டது.

வேதத்தில், பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவைப் பார்க்க அவன் நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்களே, ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்த கதைதான். அவர்கள் வந்ததும் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவனுடைய துக்கம் பெரிதென்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது வரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். அதற்குப் பிறகு வாய் திறந்து கடவுளுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டுப்போகிறது. கடைசியில் கடவுளுக்கே அவர்கள் மேல்தான் கோபம் வருகிறது, புலம்பித் தீர்த்த யோபுவின் மேல் வரவில்லை. நான் ஏழு நிமிடம்கூடச் சும்மா நிற்கவில்லை சகாயம். 19 வயதுப் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு நின்றவனிடம், கொடுத்தவர் எடுத்துக்கொண்டார் என்று யோபு தன் வாயால் தனக்காகச் சொன்ன வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அடித்தேன். என்னை மன்னித்துவிடு. இதை எழுதத்தான் இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது எழுத முடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் கதையைச் சொல்லியாக வேண்டும். அப்பா இறந்த இரவு நான் எங்கே இருந்தேன் என்று ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு எனக்குள் என்ன நடந்தது என்று கிரேசுக்குக்கூட முழுதாகத் தெரியாது.

12 வருடத்துக்கு முந்தைய மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். எனக்கு முன்னால் பெரிய வரிசை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் கிளறிக் கிளறிக் காயவைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. நெல் குவியலின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, காற்றில் தூக்காமலிருக்க நானே ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். இரவு இரண்டரை மணிக்கு அண்ணன் மகன் சைக்கிளில் நனைந்துகொண்டே வந்தான். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேட்டியால் முகத்தை மூடியிருந்தார்கள்.

மறுநாள் கல்லறையில் குழி மூடிய பிறகு, எல்லோரும் நிற்கும்போதே அண்ணன் கேட்டார்: "விடிய விடிய நெல்லைக் காவல் காத்தாயே, பெற்றவர் தண்ணீர் கேட்டபோது எங்கே போனாய்?"

அந்த நிமிடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. அவர் செம்பனார்கோயிலில், நான் பொறையாற்றில். நடுவே சில மைல்தான், 12 வருடமாக யாரும் கடக்கவில்லை.

உள்ளே நடந்தது வேறு. மழை இரவுகளில் எனக்குத் தூக்கம் கிடையாது. ஓட்டின் மேல் மழை விழுந்தாலும் எனக்குத் தார்ப்பாயின் மேல் விழுகிற சத்தமாகவே கேட்கும். மறு வருடத்திலிருந்து களத்துக்கு நான் போவதை நிறுத்திவிட்டேன், கூலி ஆளை அனுப்புவேன். கேட்டால் முதுகு வலி என்பேன். கோயிலுக்குப் போவேன், ஆனால் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்க மாட்டேன். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்றுதானே வசனம்? ஒப்புரவாகவும் மனமில்லை, கை நீட்டவும் துணிவில்லை. தரங்கம்பாடியில் நம் புது எருசலேம் ஆலயம் உனக்கு நினைவிருக்கும், மிஷனரி சீகன்பால்க் 1718-ல் கட்டியது. அதன் கடைசி பெஞ்சில் உட்காருவேன். திருவிருந்துக்கு எல்லோரும் வரிசையில் எழுந்ததும் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்னொன்று உன் ஊரில் நடந்தது. ஏழாம் வகுப்பில் தஞ்சாவூருக்குச் சுற்றுலா போனோமே, சிவகங்கைத் தோட்டத்துக் கோயிலில் அந்தச் சலவைக்கல் சிற்பத்தின் முன்னால் நீ அரை மணி நேரம் நின்று, இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு, எழுத்துப் பிழையோடு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாயே. அந்தப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் மரணப் படுக்கையில் படுத்திருக்கிறார், சரபோஜி ராஜா பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 1798-ல் இறந்தவருக்கு ராஜா எடுத்த நினைவுக்கல். துளஜா மன்னர் வளர்ப்புப் பிள்ளையாக்கி ஷ்வார்ட்ஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பிள்ளை அவர். பெற்ற தகப்பனும் இல்லை, ஒரே மதமும் இல்லை, ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்பா இறந்த மறு வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்தக் கோயிலுக்கு வந்தேன். உள்ளே நுழைந்து அந்தக் கல்லில் அந்தக் கையைப் பார்த்ததும் என்னால் நிற்க முடியவில்லை. தாலி கட்டும்போது நான் வெளியே மதிலோரம் இருந்தேன். மொய் எழுதிவிட்டு உன் வீட்டுக்கு வராமல் போய்விட்டேன் என்று நீ ஆறு மாதம் கோபித்துக்கொண்டாயே, அது இதனால்தான்.

நடுவில் ஒருமுறை ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கிரேஸ் அழைத்துப்போனாள். பிரசங்கியார் என் தலையில் கை வைத்து, "மன்னித்தேன் என்று மூன்று முறை சத்தமாகச் சொல்லுங்கள், கட்டு அறுந்துவிடும்" என்றார். சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அன்று இரவே மழை பெய்தது, தார்ப்பாய்ச் சத்தம் அப்படியே கேட்டது. அடுத்த வாரம் போய்ச் சொன்னபோது விசுவாசம் போதவில்லை என்றார்கள். அதுவரை ஒரு காயம்தான் இருந்தது. விசுவாசமில்லாதவன் என்ற இரண்டாவது காயமும் சேர்ந்துகொண்டது. சுகம் கிடைத்துச் சாட்சி சொன்னவர்கள் அங்கே இருந்தார்கள், அவர்களை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் காயத்தை அவிழ்த்துப் பார்க்காமலே மேலே எண்ணெய் பூசினால், உள்ளே சீழ் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அந்த வகை.

எங்கள் சபைக்குப் போன வருடம் புதிதாக ஒரு குருவானவர் வந்திருக்கிறார். சின்ன வயது. பேச்சு குறைவு, அதுவே எனக்குப் பிடித்தது. இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால ஆராதனையில் ஒரு மாலை, இயேசுவைச் சீஷன் பேதுரு மறுதலித்த பகுதியை வாசித்தார். குளிராயிருந்ததால் வேலைக்காரர்களும் சேவகர்களும் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தார்கள், பேதுருவும் நின்று குளிர்காய்ந்தான், அங்கேதான் அவரை அறியேன் என்றான். வாசித்து முடித்து, "கரிநெருப்பு என்ற வார்த்தை யோவான் எழுதிய சுவிசேஷத்தில் இன்னும் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, வீட்டில் போய்த் தேடிப் பாருங்கள்" என்று சொல்லி ஜெபித்து முடித்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிடாமலே வேதப்புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, ராத்திரி முழுவதும் ஒன்றும் அகப்படாமல், விடியும்போது அவர் சொல்லி வலை போட்டு மீன் பிடித்த சீஷர்கள் கரையேறுகிறார்கள். கரையில் கரிநெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் இருக்கின்றன.

சகாயம், நீயும் நானும் தரங்கம்பாடிக் கரையில் மத்தி சுட்டுத் தின்று வளர்ந்தவர்கள். அந்தக் கரி வாசனை சட்டையில் ஏறினால் இரண்டு நாளைக்குப் போகாது, போர்டிங்கில் அடி வாங்கியதே அதனால்தானே. பேதுரு கடலில் குதித்து நனைந்த உடையோடு ஓடி வருகிறான். முதலில் அவன் மூக்கில் ஏறியிருக்கக்கூடியது அந்த வாசனைதான். எந்த நெருப்பருகே நின்று அவரை அறியேன் என்றானோ அதே வாசனை. இயேசு வேறு எங்கேயாவது வைத்து அவனைப் பார்த்திருக்கலாமே? பூந்தோட்டத்தில் பார்த்திருக்கலாம், மலைமேல் பார்த்திருக்கலாம். அவர் அந்த நெருப்பையே திரும்ப மூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் முதலில் கேள்வி கேட்கவில்லை. வந்து சாப்பிடுங்கள் என்கிறார். பசியாறிய பிறகுதான் கேட்கிறார், அதுவும் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவே இல்லை. என்மேல் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார், மூன்று மறுதலிப்புக்கு மூன்று. மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. குணமாக்குகிறவரின் கை படும்போதே வலிக்கிறது. அதை எழுதி வைத்த யோவானுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

மறுநாள் குருவானவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் களத்துக்கு அதற்குப் பிறகு நீங்கள் போனீர்களா?" இல்லை என்றேன். "போகலாமா? நானும் வருகிறேன்" என்றார்.

அந்த வாரமே எங்கள் நெல் களத்தில்தான் கிடந்தது. கூலி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் இரவு காவல் இருந்தோம். மழை இல்லை, பனிதான். விளக்குக் கம்பத்தடியில் தூற்றும் இயந்திரம் நின்றது, அதைச் சுற்றித் தூசியும் பதரும் கால் புதையக் கிடந்தன. 40 கிலோ மூட்டைகள் அட்டியாக அடுக்கியிருந்தன. நான் தார்ப்பாயின் மேல் உட்கார்ந்தேன், அவர் எனக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவே இல்லை. நடுராத்திரிக்கு மேல் நானாக ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வாசற்படி வந்தது, அப்பாவின் கட்டில் வந்தது, போர்வையை நான் இழுத்துவிட்டது வந்தது. அப்போது 12 வருடமாக எங்கே போய் ஒளிந்திருந்ததோ தெரியவில்லை, அப்பாவின் குரல் வந்தது. "இங்கே என்ன செய்கிறாய், மழை கட்டிக்கொண்டு நிற்கிறது, போ, நெல் நனையக் கூடாது" என்றார். அவர்தான் என்னை அனுப்பினார், சகாயம். ஆறு மாதம் உழைத்ததை நனையவிடக் கூடாது என்று, படுக்கையிலிருந்துகொண்டே அந்த மனிதர் தன் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பினார். அண்ணன் கேட்ட கேள்வி என் காதில் அவ்வளவு பலமாக விழுந்திருந்ததால், அப்பா சொன்னது அதற்கு அடியில் புதைந்துபோயிருந்தது.

தார்ப்பாயில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அடக்கத்தின்போது அழாததெல்லாம் அழுதேன். குருவானவர் சமாதானம் சொல்லவில்லை. வசனம் சொல்லவில்லை. விடிந்ததும் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவரே சொல்லி, மயிலாடுதுறையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருகிறேன். மாத்திரை போட்டால் விசுவாசம் குறைவு என்று நம் சபைகளில் சொல்கிறவர்கள் உண்டு. பவுலோடு நடந்த லூக்கா வைத்தியன்தானே, பிரியமான வைத்தியன் என்றே பவுல் எழுதியிருக்கிறாரே. போன வாரம் கோடை மழை பெய்தது. சத்தம் கேட்டது, ஆனால் அது ஓட்டின்மேல் விழுகிற மழையாகவே கேட்டது. எழுந்து போய்த் திண்ணையில் நின்று கேட்டேன்.

பெரிய வியாழன் இரவு திருவிருந்து எடுத்தேன். அதற்கு முன்னால், அண்ணன் வீட்டுக்குப் புது அரிசி ஒரு சிப்பம் ஆள் மூலம் அனுப்பி வைத்தேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டார். பேசவில்லை, போனும் இல்லை. நான்கு நாள் கழித்துச் சாக்கைத் திருப்பி அனுப்பியிருந்தார். துவைத்து, காயவைத்து, நான்காக மடித்திருந்தது. எங்கள் அப்பா சாக்கை அப்படித்தான் மடிப்பார். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

இனி உன் விஷயம். கோபித்துக்கொள்ளாதே, விஜயா கிரேசிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிரபு விழுந்த அந்த வளைவு வழியாக நீ போவதில்லையாம், வேலைக்குப் போக ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறாயாம். கோயிலுக்கு வருவதில்லை, வீட்டில் ஜெபம் என்றால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாயாம். இரவில் தூங்குவதில்லையாம். உன் விசுவாசம் போய்விட்டது என்று அங்கே சொல்கிறார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடவுள் மேல் கோபமாக இருக்கிறவனுக்குக் கடவுள் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

கொல்லைப்பக்கம் போகும்போது 88-ஆம் சங்கீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போ. 150 சங்கீதங்களில் எத்தனையோ புலம்பல்கள் இருக்கின்றன, பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஒரு துதி வந்து சேர்ந்துவிடும். இதில் வராது. ஏன் என்னைத் தள்ளிவிட்டீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக் கேட்டு, சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கினீர் என்ற முறையீட்டோடு அப்படியே நின்றுவிடுகிறது. ஆறுதல் சொல்லி முடிக்காத அந்தப் பாட்டையும் வேதப்புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நீ கேட்கிற கேள்விக்கு அங்கே இடம் இருக்கிறது. அந்தக் கடைசி வரியில் வருகிற சிநேகிதன் நான்தான். என்னைத் தூரமாக்கியது கடவுள் இல்லை, நானே போய்விட்டேன்.

பிரபுவின் சாவு தேவ சித்தம் என்று இனி நான் சொல்ல மாட்டேன். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே கல்லறைக்குப் போனவர், முதலில் அழுதார். எனக்குத் தெரிந்த கடவுள் அவர். பிரபுவை நினைத்தும் அவர் அழுதிருப்பார் என்று நம்புகிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

நான் வரலாமா? வருகிற செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்குள் உன் வீட்டில் இருப்பேன். அந்த வளைவுக்குப் போக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் போகலாம், ரோட்டோரம் உன்னோடு உட்காருகிறேன். வேண்டாம் என்றால் உன் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறேன். நீ பேசினால் கேட்கிறேன், பேசாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, ஏழு நாள்வரை தாங்கும்படி துணி எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். பிரபுவைப் பற்றிக் கேட்க எனக்கு ஆசை. அவன் மண்டபத்தில் கீபோர்டு வாசித்தது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது, மற்றதெல்லாம் நீதான் சொல்ல வேண்டும்.

திரும்பும் நாளன்று முடிந்தால் அந்தச் சிவகங்கைத் தோட்டத்துக் கோயிலுக்கு என்னோடு வா. அந்தச் சலவைக்கல் கையை நான் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தனியாகப் போகத் துணிவில்லை.

விஜயாவுக்குக் கிரேஸ் நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். வர வேண்டாம் என்றால் திங்கட்கிழமை இரவுக்குள் ஒரு போன் மட்டும் செய். போன் வராவிட்டால் வந்துவிடுவேன்.

உன்
ஞானராஜ்